கண்ணின் உயரம்

நீடாமங்கலத்தில் அடிவானம் இல்லை.
வடக்கே தென்னை, தெற்கே செல்போன் கோபுரம்,
கிழக்கே அரிசி ஆலைப் புகைபோக்கி,
மேற்கே மறுபடியும் தென்னை.
கடலில் ஒரு கோடு இருக்கும்.
கொடியில் துணி போடுவதுபோல
சூரியனை அதன்மேல் இறக்கிவிடலாம்.
இங்கே கோட்டை நானே செய்தாக வேண்டும்,
மொட்டை மாடியில், ஒரு தட்டில்.

முதல் நாள் தண்ணீர் ஊற்றினேன்.
வாடைக்காற்று அதைத் தொட்டுக்கொண்டே இருந்தது.
இரண்டாம் நாள் வெல்லப்பாகு.
காற்றுக்கு மசியவில்லை, ஆனால் பதினொரு மணிக்குள்
சூரியனின் விளிம்பில் கட்டெறும்புகள்.
மூன்றாம் நாள்
அம்புரோஸ் டிராக்டர் பட்டறையில் வடித்த
கறுப்பு ஆயில், இரண்டு லிட்டர்.
காசு வேண்டாம் என்றார்.
எதற்கென்றும் கேட்கவில்லை.

கறுப்பில் ஒரு சூரியன் நாணயம்போல் கிடக்கிறது.
செக்ஸ்டன்டின் கண்ணாடிக்குள் இன்னொன்று,
பச்சை வடிகட்டியில் வெளிறியது.
ஊசிக்கையை நகர்த்தி நகர்த்தி
மேலே இருப்பதைக் கீழே இருப்பதன்மேல்
உட்காரவைக்க வேண்டும், பிசிறில்லாமல்.
கிடைக்கும் கோணம் இரட்டை. பாதியாக்கினால் உயரம்.
கைநடுக்கமும் சேர்ந்து பாதியாகிவிடும்,
கடல் தராத சலுகை.
ஆனால் மார்கழி மாதிரி மாதத்தில்தான் முடியும்.
சித்திரையில் உச்சிக்கு ஏறிவிட்ட சூரியனை
இரட்டித்து அளக்க இந்த வில்லுக்கு நீளம் போதாது.

பக்கத்து மாடியில் சபுரா அக்கா
போர்வையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:
"கிரகணமா?"
"இல்லக்கா. நான் எங்க நிக்கிறேன்னு பாக்குறேன்."
என்னை ஒருமுறை பார்த்தாள், என் காலடியை ஒருமுறை.

எப்படிச் சொல்வது.
ஆகஸ்டில், செங்கடலில், ஒரு பகல் முழுக்க
திரை எங்கள் கப்பலை ஏதோ ஒரு
விமான நிலைய ஓடுபாதையில் நிறுத்திவைத்திருந்தது.
சுற்றிலும் தண்ணீர்.
கேப்டன் என் பக்கம் திரும்பி
"உச்சிச் சூரியனை எடு" என்றார்.
பெட்டியைத் திறந்தேன். செக்ஸ்டன்ட் இருந்தது.
தேர்வு எழுதிய கை இல்லை.

இங்கே பன்னிரண்டு பன்னிரண்டுக்குச்
சூரியன் ஏறுவதை நிறுத்தும்.
பன்னிரண்டு எட்டுக்கு ரயில்வே கேட் மூடியது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
மாடி வழியே, தட்டு வழியே, சூரியன் வழியே
நாற்பத்திரண்டு பெட்டிகளாகப் போனது.
ஆயில் அடங்கியதும் எடுத்தேன்:
நூற்றுப் பதினொரு டிகிரி, நாற்பது நிமிடம்.
பாதியாக்கி, கழித்து, கூட்டி, மறுபடி கழித்து,
வந்தது பத்து டிகிரி ஐம்பத்து நான்கு.
வரைபடத்தில் விரல் வைத்தேன்.
வலங்கைமான்.

மறுநாளும் வலங்கைமான்.
அதற்கு மறுநாளும்.
நடுங்கும் கை இப்படி ஒரே இடத்தில் தவறாது.
கணக்கை வரிவரியாகத் திரும்பப் படித்தேன்.
நாலாவது வரி, என் கையெழுத்தில்:
கண்ணின் உயரம், பதினாறு மீட்டர்.
கழிக்க, ஏழு நிமிடம்.

அது நான் ஆகஸ்டில் நின்ற இடத்தின் உயரம்.
கப்பலின் மேல்தளத்திலிருந்து
அடிவானம் எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு.
தட்டுக்கு அந்தச் சரிவு கிடையாது.
மாடியில் நின்று பார்த்தாலும் சரி,
தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தாலும் சரி,
ஆயிலுக்கு நான் ஒரே ஆள்தான்.
மூன்று நாளும் மூன்று முறை
இல்லாத கப்பல் ஒன்றின் மேல் ஏறி
இறங்காமலே அளந்திருக்கிறேன்.

அந்த வரியை அடித்தேன்.
பத்து நாற்பத்தேழு.
இன்னும் வீட்டுக்கு ஒரு மைல் வடக்கே,
சம்பா வயல் ஒன்றில்
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
அந்த ஒரு மைல் என்னுடையதா,
கண்ணாடியினுடையதா, கடிகாரத்தினுடையதா,
தெரியவில்லை. இன்றைக்கு அது இருக்கட்டும்.

ஆயிலில் ஒரு தட்டான் விழுந்திருந்தது.
ஈர்க்குச்சியால் எடுத்துச் சுவரில் வைத்தேன்.
பறக்கவில்லை, காலை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தது.
சபுரா அக்கா போர்வையை மடிக்க வந்தவள்
"கண்டுபிடிச்சியா?" என்றாள்.
"கிட்டத்தட்ட" என்றேன்.
கேட் மறுபடி மூடிக்கொண்டிருந்தது.